ஆறாம் எண்மேல் விழுந்த பிழை

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் நல்ல குணங்களை எழுதித் தரச் சொன்னார் அம்மா. எழுதுகிறேன். கூடவே என்னுடைய ஒரு கெட்ட காரியத்தையும் எழுதியாக வேண்டும்.

அப்பா செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்த பிறகே தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. பழுதுகளை ஒவ்வொன்றாகக் குறித்ததும் மொத்தத்தில் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால், கம்பெனி பஸ் போனாலும் சரி, இடத்தை விட்டு நகர மாட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்கும் பட்டியலைக்கூட மூன்று முறை சரிபார்ப்பார். நாங்கள் கேலி செய்வோம்.

அங்கே மேலாளராக இருந்த ஜப்பான்காரர் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். அவருடைய தந்தை 1950களில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர். ஒரு ஆட்டத்தில் பந்தைக் கோட்டைவிட்டு அணியைத் தோற்கடித்தவர் என்று பெயர் வாங்கியவர். "நான் விடவில்லை" என்று தொண்ணூறு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாராம். மகனே நம்பவில்லை. மேலாளர் ஜப்பானுக்குத் திரும்பும்போது அந்த ஆட்டத்தின் கணக்குத் தாள் நகலை அப்பாவிடம் நினைவாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஓய்வுபெற்ற பிறகு அப்பா அந்தத் தாளோடு உட்கார்ந்தார். பேஸ்பாலில் ஆட்டக்காரர் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாரு. ஆட்டத்த வரிசையா எழுதின எடத்துல, தப்பு பண்ணது அஞ்சாம் நம்பர். கீழ மொத்தம் போடும்போது ஆறுக்கு எழுதிட்டான். ஆறுதான் சாரோட அப்பா. பெரியவரு சொன்னது நெசம்டா. சாருக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டுடு."

சரி என்றேன். போடவில்லை. மறைமலை நகரில் வேலை, ஓ.டி. என்று எனக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை. மறுவாரம் அவர் கேட்டபோது, வாய் கூசாமல், "போட்டுட்டேன்பா" என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் ஒரே கேள்விதான்.

"இன்னாடா, பதில் வந்துச்சா?"

"இன்னும் வரலபா."

"ஊருக்குப் போனவரு நம்மள நெனப்பு வச்சிக்கினா இருப்பாரு?" என்றார் அம்மா. உங்களில் பலரும் அந்த மனிதரை நன்றி மறந்தவர் என்றீர்கள். அப்பா மட்டும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "அவுங்க அப்பா விசயத்துல நான் தலையிட்டது சாருக்கு கஷ்டமாயிடுச்சி போல கீது" என்றார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மருந்து வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அப்பா மறைந்ததையும் சேர்த்து எழுதி மெயில் அனுப்பினேன். அன்றே பதில் வந்தது. பெரியவர் நான்கு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டாராம். அப்பா என்னிடம் தாளைக் காட்டிய நாளில் அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். "நான் கடைசிவரை அவரை நம்பவில்லை. உங்கள் அப்பா நம்பினார். அவருடைய படத்தின் முன் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த அத்தைகளுக்கும், ரத்தம் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தோள் கொடுத்த ஷிப்ட் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஜப்பானில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்பாவிடம் கேட்க வழியில்லை. பதில் போடாதவர் என்று அந்த மனிதரை இனி யாரும் சொல்ல வேண்டாம். இத்தனை நாள் அவர் பெயரில் கிடந்த பிழையை அடித்துவிட்டு, என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.