சிபாரிசு கேட்காத இராணுவப் பள்ளி

ஒஸ்லோவில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் மேற்படிப்பு ஆலோசகராக இருப்பவருக்கு மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு விண்ணப்பங்களை நிரப்பத் தெரிந்தால் போதும். மூன்றாவதாக ஒன்று வந்தால் தொலைந்தோம். இதே நாற்காலியில் மாட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, எனக்கு வந்த மூன்றாவதைச் சொல்கிறேன், கேளுங்கள். இலங்கையில், எங்கள் ஊர்ப்பக்கம், சண்டை ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

கதவைச் சாத்திய பிள்ளை

ஷெரின் கடைசி வருட மாணவி. பள்ளிக்கூடத்தில் நோர்வே மொழியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தமிழுக்கு மாறினால் நான் அன்ரி ஆகிவிடுவேன். அன்று உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் "அன்ரி" என்றாள். ஏதோ வில்லங்கம் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் பள்ளிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். அந்த நாட்களில் நோர்வேயில் கட்டாய இராணுவ சேவைக்கு ஆண்களைத்தான் கூப்பிடுவார்கள், பெண்களை இல்லை. இவள் தானாகவே போக நினைக்கிறாள். சின்ன வயதிலிருந்தே இதுதான் ஆசை என்றாள். வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாது. அப்பாட்டை நீங்களே சொல்லுங்கோ அன்ரி. உங்களுக்கு முன்னாலை அவர் கத்தமாட்டார்."

கத்தாத அப்பா

ஷெரினின் தகப்பன் மரியதாஸ் அண்ணர் மன்னார்க்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். வேலைச் சட்டையோடேயே வந்து உட்கார்ந்தார். பயிற்சி, படிப்பு, எதிர்காலம் என்று நான் சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தேன். அவர் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் தொப்பி போட்ட சிப்பாய் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணர் அதைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆமிக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள் ரீச்சர். இவள் ஆமியைத் தேடிப் போறாள்."

அமெரிக்காவிலிருந்து ஒரு தொலைபேசி

இரண்டு கிழமை கழித்து அவரே வந்தார். கையில் புது ஃபைல். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய தமையனின் மகனும் அங்கே இராணுவ அக்கடமிக்கு முயற்சி செய்கிறானாம். அங்கே பிள்ளையை ஒரு செனட்டரோ காங்கிரஸ் உறுப்பினரோ முன்மொழிய வேண்டும். முன்மொழிந்தாலும் நியமனம் தருவது அக்கடமிதான். தமையன் செனட்டரின் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். இவருக்கு மகள் போவதில் விருப்பமில்லைதான். ஆனால் சிபாரிசுக்கு ஆளில்லாமல் அவள் தோற்றுப்போவதிலும் விருப்பமில்லை.

இங்கே அப்படி ஒன்றும் இல்லை, பிள்ளையே விண்ணப்பிக்கும், புள்ளிகளையும் உடம்பையும் பார்ப்பார்கள், தேர்வு முகாமில் சோதிப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சிபாரிசில்லாமல் காரியம் நடக்கிற நாடு ஒண்டு இருக்கெண்டு நான் நம்பமாட்டன் ரீச்சர்."

ஏழு கடிதங்கள்

ஃபைல் நிரம்பியது. தேவாலயத்துச் சுவாமியார், தமிழ்ப் பள்ளி அதிபர், பேட்மின்ரன் பயிற்சியாளர், அவருடைய பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு நகரசபை உறுப்பினர் என்று ஆறு பேரிடம் கடிதம் வாங்கிவிட்டார். ஏழாவது மன்னாரிலிருந்து வந்தது. எழுதியவர் ஜே.பி., அதாவது சமாதான நீதவான். ஊதா முத்திரை, அதன் மேல் கையெழுத்து. "மேற்படி ஷெரினை நான் கடந்த இருபது வருடங்களாக நன்கு அறிவேன்" என்று எழுதியிருந்தார். ஷெரின் பிறந்ததே ஒஸ்லோவில். வயது பத்தொன்பது.

மொழிபெயர்க்க மனம் வராமல் விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார்.

"கடிதங்கள் வேண்டாம். அந்தப் பிள்ளையால் மூவாயிரம் மீற்றர் ஓட முடியுமா?"

ஒரு உறவினருக்கு ஒரு வரி

ஓடினாள். முகாமில் ஒரு கிழமை மழையில் கிடந்தாள். தேறியும் விட்டாள். ஆனால் இடம் உறுதியாவதற்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அந்தப் படிவம் பெற்றோரையும் வெளிநாட்டு உறவினரையும் பற்றிக் கேட்டது. ஒருவருக்கு ஒரு வரி. மரியதாஸ் அண்ணரின் தங்கச்சிக்கு மட்டும் பத்து வருடத்தில் எட்டு முகவரி. கோயில் வளவு, பள்ளிக்கூடம், இந்தியாவில் அகதி முகாம் என்று போய், ஓரிடத்தில் வெறும் மரத்தடி. மரத்தடிக்கு என்ன இலக்கம் போடுவது? கூடுதல் தாள் நான்கு இணைத்தேன்.

பிறகு பதிலே இல்லை. அண்ணர் கடிதங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் இறங்கி வந்தார்.

"நான் பிறந்த இடத்தாலை பிள்ளைக்கு இல்லையெண்டு சொன்னால், அதுக்கு ஆரிட்டைக் கடிதம் வாங்கிறது ரீச்சர்?"

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

என்னைக் கேட்டார்கள்

கடைசியில் ஷெரினை நேரில் கூப்பிட்டு விசாரித்தார்கள். குடும்பத்தை அறிந்த ஒருவரின் பெயரும் கேட்டார்கள். ஃபைலில் ஏழு பேர் காத்திருக்க, அவள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். அதிகாரி என்னிடம் முதலில் கேட்டது எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதுதான். ஜே.பி. மனத்தில் வந்து போனார். ஒன்பது மாதம் என்றேன். அந்த ஒன்பது மாதத்தில் கண்டதைக் கண்டபடி சொன்னேன், குப்புறத் திருப்பிய புத்தகம் உட்பட.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மரியதாஸ் அண்ணர் வெற்றிச் சிரிப்போடு வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னனான். இஞ்சையும் ஒரு செனட்டர் வேணும். நீங்கள்தான் அது."

முதல் லீவு

அனுமதி கிடைத்தது. ஷெரின் போனாள். முதல் லீவில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மணியடித்திருக்கிறாள், சீருடையோடு. அடுத்த நாளே அண்ணர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படித்தான் ஆனது.

"கதவைத் திறந்தனான் ரீச்சர். யூனிபோமைக் கண்டவுடனை கால் தன்ரபாட்டிலை பின்னுக்குப் போட்டுது. பிறகுதான் முகத்தைப் பாத்தன்."

நியமனம் தந்தது நோர்வேதான் என்றாலும், அந்தப் பிள்ளையை முன்மொழிந்தது யார் என்று கேட்டால் மன்னாரில் ஒரு ஜே.பி. இன்றைக்கும் தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாராம்.