வலப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்த காலம்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போனேன். வாங்கு வரிசைக்குள் நுழையுமுன் வழக்கம்போல வலது முழங்காலை மடக்கி நிலத்தில் முட்டினேன். போனது ஒழுங்காய்த்தான் போனது. திரும்பி வரத்தான் அதற்கு மனமில்லை. கோயிலின் நடுப்பாதையை மறித்துக்கொண்டு, பக்தி முற்றிப்போனவனாக அப்படியே நின்றேன். பின்னால் வந்த அக்கா, தம்பி உருகிச் செபிக்கிறான் என்று முதலில் பூரித்துத்தான் போயிருக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, எழும்பேலாமல் கிடக்கோ?"

"ஓம்."

"உந்த வயதிலை ஏன் இறங்கினனீ? தலையைக் குனிஞ்சிட்டுப் போனால் ஆண்டவர் கோவிக்கப் போறாரே? எழும்பு, சனம் பாக்குது."

கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி விட்டார். என்னைவிட மூத்தவர், ஆனால் குருநகர்க் கடற்காற்றுக் குடித்த உடம்பு. எனக்கோ முப்பது வருசத்துக்கு மேல் நோர்வேக் குளிர். ஊரோடு வந்து இருக்கத் தொடங்கி இப்போதுதான் இரண்டு மழை கண்டிருக்கிறேன்.

பூசை முடிந்ததும் சங்கிலித்தாம் வந்து பீடத்து மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கோயிலைத் திறந்து பூட்டி, மணியடித்து, திரி கொளுத்துகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அணைந்த திரியின் புகை வாங்குகளுக்கு மேலாக மெல்ல வந்தது. அந்த மணத்துக்கு மற்றவர்களுக்கு அந்தோனியார் நினைவு வரலாம், செத்த வீடு நினைவு வரலாம். எனக்கு வந்தது ஒரு மலை உச்சியும், அதிலே ஒரு மரக் குடிசையும், காயப்போட்ட கம்பளிக் காலுறைகளும், ஷெல்லும்.

பயப்படாதீர்கள். இந்த ஷெல் வெடிக்காது. அது ஒரு மனிதனின் பெயர். நோர்வேக்காரருக்கு அது கந்தையா, சின்னத்தம்பி மாதிரிச் சாதாரணப் பெயர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து போனவனுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போன முதல் நாள் யாரோ வாசலில் நின்று "ஷெல் வருகிறான்!" என்று கூவினார்கள். நான் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே பாதி போய்விட்டேன். அவன் வந்து குனிந்து பார்த்துக் கையை நீட்டினான். எங்கள் நட்பு அப்படி மேசைக்குக் கீழேதான் தொடங்கியது.

அந்த மலையில் பனிச்சறுக்கு விளையாட ஊர் ஊராகச் சனம் வரும். உச்சியில் மரக் குடிசை ஒன்றில் ஒரு சின்னத் தேநீர்க்கடை. அதிலே நான் மாவை அச்சில் ஊற்றி வாஃபிள் சுடுவேன், கோப்பை கழுவுவேன், தரை துடைப்பேன். நோர்வேக்குப் போன புதிதில் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில்தான் போட்டார்கள். கடல் வேண்டாம் என்று ஓடிவந்த குருநகர்ப் பெடியனை விமானம் ஏற்றிக் கொண்டுபோய் மீன் வெட்ட விட்டால் யாருக்குத்தான் பற்றி எரியாது? வாஃபிள் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஷெல்லுக்கு என் வயதுதான். கம்பியில் ஆட்களைப் பிடித்து மேலே இழுத்து வருகிற இயந்திரத்தின் மேல்முனையைப் பார்ப்பது அவன் வேலை. மத்தியானத்தில் எங்கள் குடிசையின் பின்னறைக்கு வந்து, பழைய இஸ்திரிப்பெட்டி ஒன்றைச் சூடாக்கி, சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு உருக்கித் தேய்ப்பான். அந்தப் புகை வந்தால் எனக்குக் கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளும்.

அவன் சறுக்குவது தெலமார்க் முறையில். மற்றவர்கள் சப்பாத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கட்டையோடு இறுக்கிப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். தெலமார்க்கில் முன்விரல் பக்கம் மட்டும்தான் பூட்டு, குதிக்கால் விடுதலை. திரும்பவேண்டிய இடத்தில் ஒரு காலை முன்னே விட்டு, மற்ற முழங்காலைக் கட்டையில் முட்டுமளவுக்கு மடக்கவேண்டும். அதாவது மலையிலிருந்து இறங்க இறங்க, வளைவுக்கு வளைவு ஒரு வணக்கம். கீழே நின்று முதல்முறை பார்த்தபோது, இதென்ன நற்கருணைப் பேழைக்கு முன்னால் போகிறமாதிரிப் போகிறான் என்றுதான் எனக்குப் பட்டது.

ஷெல் என்னை விடவில்லை. ஆட்கள் குறைந்த ஒரு நாள் பழைய கட்டைகளைக் கொண்டுவந்து மாட்டி, பிள்ளைகள் பழகுகிற இலகுவான சரிவில் இறக்கிவிட்டான். நான் வலப்பக்கம் திரும்பினேன். அவன் வாயைப் பிளந்துவிட்டான். இடது கால் முன்னே, வலது முழங்கால் கீழே, முதுகு நேரே, பிசகே இல்லை. அவன் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே தருகிறேன், அவனும் கோபிக்கமாட்டான்.

"உதை எங்கை பழகினனீ?"

"கோயிலிலை."

சின்ன வயதில் பீடப்பணியாளனாக இருந்தவன் நான். ஒரு பூசைக்குள் எத்தனை தரம் அந்த முழங்கால் போய் வரும் என்று நினைக்கிறீர்கள்! பெருமை அடுத்த வளைவு வரைதான் நின்றது. இடப்பக்கம் திரும்பவேண்டி வந்தது, தலைகுப்புற விழுந்தேன். எழும்பி வந்து திரும்பவும் இடப்பக்கம், திரும்பவும் பனிக்குள். வலது பக்கம் வானத்துச் சம்மனசு, இடது பக்கம் சாக்கு மூட்டை. ஷெல்லுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மறைக்கல்வி படிப்பித்த சிஸ்ரர் எங்களுக்கு அடித்துச் சொன்ன சங்கதி அது: ஆண்டவருக்கு வலது முழங்கால், இடது முழங்கால் பூமியில் உள்ள ராசாமாருக்கு. ஒருமுறை நான் மாறி மடக்கியதற்குப் பூசை முடியும்வரை வெளி முற்றத்துக் குறுமணலில் இரண்டு முழங்காலிலும் நிற்கவிட்டார். அதோடு என் இடது முழங்கால் அந்த அலுவலை மறந்துவிட்டது.

இதை நான் விளங்கப்படுத்த, ஷெல் இஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"எங்கடை நாட்டிலை ராசா இருக்கிறார்தானே. அவருக்கு மடக்கு."

நியாயமான கதைதான். ஆனால் முழங்காலுக்கு நியாயம் விளங்குகிறதா? அந்தப் பருவம் முழுக்க நான் வலப்பக்கம் மட்டும் திரும்பினேன். இடப்பக்கம் போகவேண்டி வந்தால் குண்டியைப் பனியில் வைத்து, இரண்டு கட்டைகளையும் தூக்கி மறுபக்கம் போட்டு, எழும்பி நடப்பேன். நோர்வேக் குஞ்சு குருமான்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போகும்.

சிரித்துக்கொண்டு திரிந்தேன் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் சண்டை முற்றி, ஊரோடு சனம் எழும்பி இடம்பெயர்ந்த காலம் அது. அம்மாவும் அக்காவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் போனார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. நோர்வே முழுக்க இருந்த எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொள்வோம்: "உங்கடை ஆக்கள் கதைச்சவையோ? ஆரும் எங்கடையளைக் கண்டவையோ?" மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். வேலையிடத்து இலக்கத்தையும் எப்போதோ அக்காவுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். அந்தத் தொலைபேசி மலையடிவாரத்தில், பயணச்சீட்டு விற்கிற அறையில் இருந்தது. நான் இருந்ததோ உச்சியில்.

ஒரு நாள் ஷெல் வோக்கிரோக்கியைக் கையில் பிடித்தபடி குடிசைக்குள் ஓடி வந்தான். வாஃபிள் அச்சு புகைந்துகொண்டிருந்தது.

"உனக்குக் கீழை ஃபோன். உங்கடை நாட்டிலையிருந்து. ஒரு பொம்பிளை. அரை மணித்தியாலத்தாலை திரும்ப எடுப்பாவாம்."

"வேறை என்ன சொன்னவ?"

"தெரியாது. அழுதவவாம்."

அழுதாராம். யாருக்காக அழுதார் என்று யார் எனக்குச் சொல்வது? ஏப்ரனை எங்கே கழற்றிப் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. பனி ஸ்கூட்டர் கால் முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டது. இழுவைக் கம்பி ஆளை மேலே கொண்டுவரும், கீழே கொண்டுபோகாது. இலகுவான சரிவை அன்றைக்குப் பள்ளிப்பிள்ளைகளின் போட்டிக்கு வலை கட்டி மூடியிருந்தார்கள். நடந்து இறங்கினால் இடுப்பளவு பனிக்குள் பொழுது போய்விடும். மிச்சம் கிடந்தது மேட்டுச் சரிவு ஒன்றுதான்.

அந்த மேடுகளை ஒருவரும் கட்டுவதில்லை. ஒருவன் திரும்பின இடத்திலேயே அடுத்தவனும் திரும்ப, வழித்துத் தள்ளிய பனி பக்கத்தில் குவிய, பருவம் முடியுமுன் சரிவு முழுக்க இடுப்புயர மேடும் குழியுமாகிவிடும். சோளகக் காற்றில் கொந்தளிக்கிற கடல் அப்படியே உறைந்து சரிந்து நிற்கும். ஒரு மேட்டுக்கு வலம் திரும்பினால் அடுத்ததுக்கு இடம் திரும்பியே ஆகவேண்டும். வலம் மட்டும் தெரிந்தவன் அதற்குள் இறங்குவது விசர் வேலை.

ஷெல் கட்டைகளை மாட்டிவிட்டான். "போ. வாஃபிளை நான் பாக்கிறன்" என்றான். அவனுக்கு வாஃபிள் சுடத் தெரியாது.

முதல் மேடு வலம். போனேன். இரண்டாவது இடப்பக்கம். விழுந்தேன். எழும்பி வலம், பிறகு இடத்துக்குப் போய் விழுந்தேன். பனி கழுத்துக்குள்ளால் இறங்கி முதுகில் ஓடியது. மேலேயிருந்து ஷெல் தொண்டை கிழியக் கத்தினான்: "மற்ற முழங்கால்! மற்ற முழங்கால்!" இப்படிக் குண்டியால் அரைத்து அரைத்துப் போனால் அக்கா எடுத்து, மணி அடித்து ஓய்ந்து, காசுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுக்கிற கொமினிகேசன்காரன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவான். அதற்குப் பிறகு எந்த மாதம் எந்த ஊரில் அவருக்குத் தொலைபேசி கிடைக்கும்? எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே அழுதுகொண்டுதான் அடுத்த மேட்டுக்கு வந்தேன். "என்ரை மாதாவே!" என்று கத்தினேன். இடது முழங்கால் போய்க் கட்டையில் முட்டியது. திரும்பிவிட்டேன்.

எப்படி என்று கேட்காதீர்கள். ராசாவும் நினைவில் இல்லை, சிஸ்ரரும் இல்லை. கீழே ஒரு மேசையில் இருக்கிற தொலைபேசிதான் இருந்தது. வலம், இடம், வலம், இடம். மேட்டில் மடங்கி, குழியில் நிமிர்ந்து, ஒவ்வொன்றுக்கும் மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு இறங்கினேன். அழகாக இறங்கியிருக்க மாட்டேன். அடிவாரத்தில் வரிசையாக நின்ற சனம் விலகி வழிவிட்டது. மரியாதையில் அல்ல, பயத்தில். கட்டைகளைக் கழற்ற நேரமில்லாமல் அவற்றோடேயே பயணச்சீட்டு அறைக்குள் ஏறி, வாசல் கதவில் ஒன்று மாட்டி, விழுந்தேன். விழுந்து கிடக்கும்போதுதான் மணி அடித்தது. அங்கிருந்த பிள்ளை குனிந்து தொலைபேசி றிசீவரை என் காதில் வைத்தது.

"தம்பியோ?"

"அக்கா! அம்மா?"

"அம்மா இருக்கிறா. இருக்கிறாடா. எல்லாரும் இருக்கிறம். அம்மாவின்ரை கண்ணுக்கு மருந்து எடுக்கவெண்டு கப்பலிலை வந்து, இப்ப கொழும்பிலை நிக்கிறம். இஞ்சை பக்கத்திலைதான் நிக்கிறா."

நான் கிடந்தபடியே றிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஏன் உனக்கு மூச்சு இளைக்குது? ஓடி வந்தனியோ?"

"மலையாலை இறங்கி வந்தனான்."

"மலையிலை உனக்கென்ன வேலை? விழுந்து கிழுந்து கையைக் காலை முறிச்சுப் போடாதை. இந்தா, அம்மா கதைக்கப் போறாவாம்."

வெடிக்கிற ஷெல் அடிக்குள்ளால் நடந்து, கப்பலேறி, கொழும்புக்கு வந்து சேர்ந்த மனுசி, நான் விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறார்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு அம்மா வந்து, "சாப்பிட்டியோ ராசா?" என்றார். நான் ஓம் என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அறுந்தால் என்ன! வெளியே வந்து பனியில் மல்லாந்து கிடந்தேன். மாதக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து எறிந்தமாதிரி இருந்தது. உலகத்தில் அன்றைக்கு என்னைவிட நிம்மதியான மனிதன் ஒருவனும் இருந்திருக்க மாட்டான்.

உச்சியில் ஷெல் அச்சையும் கருக்கி, பாதி மாவைத் தரையிலும் ஊற்றியிருந்தான். ஒருவரும் அவனை ஏசவில்லை.

அந்த மேட்டுச் சரிவு இப்போது இல்லையாம். ஷெல் அடிக்கடி வீடியோவில் கதைப்பான்; அவனுக்கும் தலை வெளுத்துவிட்டது. பொழுதுபட்டதும் இயந்திரம் வந்து சரிவைச் சீவி மட்டமாக்கிவிடுகிறது, விடிய ஒரு மேடும் மிஞ்சாது என்கிறான். அவனுக்கு அது கவலை. தேநீர்க்கடையும் போய்விட்டது. ஊரில் கொமினிகேசன் கடைகளும் போய்விட்டன. கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று வியர்க்க வியர்க்கக் கத்தின சனமும் இல்லை. அம்மாவும் போய்விட்டார். பேரப்பிள்ளைகளைக் கண்டு, எல்லாரையும் திட்டி முடித்து, வயதுபோய், குருநகரில் தன்ரை கட்டிலில், அக்கா கஞ்சி பருக்கி வாய் துடைத்துவிட்ட பிறகு போனார். அப்படி ஒரு சாவு எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காதா என்று நாங்கள் ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது.

இன்றைக்குக் காலையில் அக்கா மருதனார்மடச் சந்தைக்குப் போனார். போய் இறங்கின கையோடு தொலைபேசியில் எடுத்தார்: கத்தரிக்காய் நல்லதாய்க் கிடக்கிறது, வாங்கவோ? வாங்குங்கோ என்றேன். திரும்ப எடுத்தார்: முருங்கைக்காய் விலை கூடவாம், வேண்டாமோ? உங்கடை விருப்பம் என்றேன். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் வந்து சாய்ந்த நேரம் பார்த்து, உள்ளே மேசையில் தொலைபேசி திரும்பவும் அடித்தது. அக்காதான். வேறு யார்? மணி அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது. நான் எழும்பவில்லை. தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தேன்.