மலையுச்சியில் ஒரு சட்டி சீஸ்

என் கணவரின் அக்காவை, என் மச்சாளை, எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை எங்கள் இரு வீட்டிலும் எல்லோரும் அறிவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரே தெருவில் குடியிருந்தோம். நான் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவர் என் குசினியில் நின்று சட்டி மூடிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். "கறிக்கு உப்புக் காணாது" என்பதுதான் எனக்குக் கிடைக்கும் வரவேற்பு.

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஓரிடத்தில் அப்போது எனக்கு வேலை. ஓடுகிற பட்டியின் பக்கத்தில் நின்று, வரும் தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பாண் ரொட்டியும் முக்கோணமாக வெட்டிய சீஸ் பொட்டலமும் வைக்கவேண்டும். என் பக்கத்தில் நின்ற போர்த்துக்கல் பெண் முன்பு சுவிஸில் ஹோட்டல் வேலை பார்த்தவள். அந்தச் சீஸைக் கண்டால் உதட்டைச் சுளிப்பாள். "இதெல்லாம் ஒரு சீஸா?" என்று தொடங்கி, மலைக் கிராமங்களில் சீஸை வைனில் உருக்கி, அடுப்போடு மேசைக்குக் கொண்டுவருவதையும், நீண்ட முள்ளுக்கரண்டியில் பாணைக் குத்தித் தோய்த்துத் தின்பதையும் சொல்வாள். அதற்கு ஃபொண்டூ என்று பெயர். கேட்டுக் கேட்டு எனக்கு அதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. முதல் பயணமாகச் சுவிஸ் போவோம் என்று நான் கேட்டேன். கணவர் சம்மதித்தார். அன்று பின்னேரமே அக்காவிடம் போய்ச் சொல்லியும் விட்டார். அடுத்த கிழமை பார்த்தால், அது அக்காவும் அத்தானும் கூட்டிப்போகும் பயணமாகிவிட்டது. அவர்களிடம் வான் வண்டி இருந்தது. அந்த வானில் ரைஸ் குக்கர், அரிசி மூட்டை, இடியப்ப மா, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் ஏறின. கருவாட்டை மச்சாள் என் உடுப்புப் பெட்டியில் வைத்தார். தன் பெட்டியில் மணக்குமாம்.

வாடகைக்கு எடுத்த வீடு மலைச்சரிவில் மரத்தால் கட்டிய வீடு. வீட்டுக்காரி ஒரு துண்டு சீஸும் உருண்டைப் பாணும் மேசையில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடிவிட்டுப் போயிருந்தாள். நான் துணியை விலக்கினேன். மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இரண்டையும் ஒரு பையில் போட்டுக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"பழுதாப்போன சாமான். வயித்தைக் கெடுக்கும். நீர் சோத்தைப் போடும்."

போட்டேன். அன்று போட்டேன், அடுத்த நாளும் போட்டேன். விடிய இடியப்பம், மத்தியானம் சோறு, இரவுக்குப் புட்டு. அவர்கள் மூவரும் பல்கனியில் இருந்து மலையைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன். ஹவுன்ஸ்லோவில் செய்வதை இங்கே வந்து செய்கிறேன், அங்கேயாவது சம்பளம் தரும் வேலை ஒன்று இருந்தது என்று நினைக்க நினைக்க எனக்குக் கொதித்தது.

மூன்றாம் நாள் கேபிள் காரில் மலையுச்சிக்குப் போனோம். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடை. வெளியே வெயிலில் போட்டிருந்த அதன் மேசை ஒன்றில் மச்சாள் இருந்து, நான் விடிய எழும்பி அவித்த இடியப்பத்தையும் சம்பலையும் விரித்தார். பரிமாற வந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள்: இது கடையின் மேசை, கொண்டுவந்த சாப்பாட்டை இங்கே சாப்பிட முடியாது. மச்சாளின் கணவர் இங்கிலீஷில் சத்தம் போட்டார். நிறவெறி என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, சரிவில் காற்றடிக்கும் மரப்பலகை வாங்கு ஒன்றுக்குப் போகப் புறப்பட்டார்கள்.

நான் எழும்பவில்லை.

"வாருமன்," என்றார் கணவர்.

"நான் இஞ்சதான் சாப்பிடப்போறன்."

"இப்ப ஏன் பிரச்சினை? அக்கா கோவிப்பா."

"கோவிக்கட்டும். நீங்களும் இருங்கோ."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு சம்பல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் போனார். அந்த முதுகைப் பார்த்தபோது வந்த வெறுப்பு, அதுவரை அவர் அக்கா மேல் எனக்கிருந்ததைவிடப் பெரிது.

உள்ளே போய் யன்னலோரம் இருந்து ஃபொண்டூ கேட்டேன். அது இரண்டு பேருக்குத்தான் செய்வோம் என்றாள் அந்தப் பெண். இரண்டு பேருக்கே கொண்டுவா என்றேன். அவள் வெளியே வாங்கில் இருந்தவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிவப்பு இரும்புச் சட்டி, அடியில் சின்ன நெருப்பு. சீஸ் சோம்பலாகக் கொப்புளித்தது. மணம் முதலில் மூக்கில் அடித்தது, பிறகு பழகிவிட்டது, பிறகு அது இல்லாமல் இருக்க முடியாதுபோலானது. பாண் துண்டைக் குத்தி, அடிவரை விட்டுக் கிளறி எடுத்தேன். நூல் நூலாக இழுபட்டது. நாக்குச் சுட்டது. உப்பு, புளிப்பு, கடைசியில் கொட்டைப் பருப்பின் இனிப்பு. அப்படி ஆசையாக நான் லண்டனுக்கு வந்தபின் எதையும் சாப்பிடவில்லை. அவித்த சின்ன உருளைக்கிழங்கும் வந்தது. அதையும் தோய்த்தேன். யன்னலுக்கு வெளியே காகிதத் தட்டுகள் பறக்காமல் மூவரும் கையால் அமத்திப் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே தின்றது இன்னும் ருசித்தது.

பாதிச் சட்டி முடியமுன் மச்சாள் உள்ளே வந்தார். அவர் கணவர் வெளியே எழுதியிருந்த சாப்பாட்டுப் பட்டியலை வாசித்துச் சொல்லியிருக்கவேண்டும்.

"இதுக்குள்ள வைன் விட்டிருக்காம். தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"எங்கட குடும்பத்துப் பொம்பிளை தனிய இருந்து குடி போட்ட சாப்பாடு சாப்பிடுறா. வெக்கமா இல்லையோ உமக்கு?"

"மச்சாள், வந்த நாள் தொடக்கம் நான்தான் சமைச்சனான். இண்டைக்கு ஒராள் எனக்குச் சமைச்சுத் தந்திருக்கிறா. நான் முடிச்சிட்டுத்தான் எழும்புவன்."

"பிளேனுக்குத் தட்டு அடுக்கிறவைக்கு வந்த எடுப்பு!"

"தட்டு அடுக்கின காசிலதான் உங்கட வானுக்குப் பெற்றோல் அடிச்சது," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மச்சாள் திரும்பி வெளியே போனார்.

பிறகு கணவர் வந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் இரண்டாவது முள்ளுக்கரண்டியில் பாணைத் தோய்த்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றுவிட்டுப் போய்விட்டார். அந்தத் துண்டையும் நானே தின்றேன். முடிவில் அந்தப் பெண் வந்து, சட்டியின் அடியில் பிடித்த பொருக்கைச் சுரண்டி என் தட்டில் வைத்தாள். அதுதான் திறமான பகுதி என்றாள். உண்மைதான்.

அன்றிரவு நான் குசினிக்குள் போகவில்லை. மச்சாள் சட்டிகளை இடித்து இடித்துச் சமைத்தார். சோறு குழைந்திருந்தது. உப்பும் காணாது. நான் அதைச் சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. அடுத்த நாள் விடியவே லண்டன் திரும்ப வானில் சாமானை ஏற்றினார்கள்.

கதை எங்களுக்கு முன் லண்டன் சேர்ந்துவிட்டது. நோர்பரியில் ஒரு பிறந்தநாள் விழாவில், முன்பின் பேசியிராத ஒரு மனுசி என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் மலைக்கு மேல இருந்து குடிச்சனீங்களாம், உண்மையோ?"

"ஓம்," என்றேன். "பாணைத் தோய்ச்சுக் குடிச்சனான்."

மச்சாளுக்கும் எனக்கும் பேச்சு அத்தோடு நின்றது. மச்சாள் பிறகு என் குசினிப் பக்கம் வரவேயில்லை, அந்த அளவில் அந்தப் பயணம் எனக்கு லாபம். பல மாதம் கழித்து ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் சொன்னார்: "அண்டைக்கு அந்தச் சீஸ் மணம் உண்மையில நல்லாத்தான் இருந்தது."

எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனேன்.