ஆளில்லாத வண்டியில் எடுத்த அளவு

முப்பத்தெட்டு மணி நேரம். அந்த ட்ரெய்லர் எங்கள் வீட்டில் நின்றது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நடுவில் நடந்தது எதையும் நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு அது வராது. நான் வேதியியல் படித்தவள். ஒரு ஆய்வுக்கூடத்தில் காற்றை அளப்பது என் வேலை. அந்த இரண்டு இரவுகளின் எண்கள் இன்றும் என் கணினியில் இருக்கின்றன.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆறு மாதமாக இதே பேச்சுதான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, தார் ரோடு முடிகிற இடத்தையும் தாண்டிப் போகிற மாதிரி ஒரு சின்ன ட்ரெய்லர் வேண்டும். கூரைமேல் விரிக்கிற துணிக் கூடாரம் வைத்த வண்டிகள் மலிவு. ஆனால் தூசியும் ஈரமும் குட்டிக்கு ஆகாது. குட்டி அக்காவின் மகள். ஐந்து வயது. இளைப்பு உண்டு. இரண்டு முறை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். அதனால் நாலு பக்கமும் மூடிய வண்டிதான் சரி. மூடிய வண்டி என்றால் உள்ளே காற்று எப்படி இருக்கும்? அதைப் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சரி என்றால் வாங்கிவிடுவார்கள்.

பழைய வண்டிகள் விற்கும் கடை ஒன்றில் அது நின்றது. அத்தான் குனிந்து அச்சைத் தட்டிப் பார்த்தார். பட்டை டயர்களைத் தடவிக் கொடுத்தார். அக்கா பின்கதவைத் தூக்கினாள். அடுப்பு, இழுப்பறை, தண்ணீர்க் குழாய் எல்லாம் வெளியே நீண்டன. அங்கேயே அவள் மனசு விழுந்துவிட்டது. உள்ளே இரண்டு பேருக்கு மெத்தை. கால்மாட்டில் குறுக்காக ஒரு சின்னப் படுக்கை. நான் காற்றுத் துளைகளை எண்ணினேன். ஐந்து. ஒன்றுதான் கம்பெனி வைத்தது. மற்ற நாலும் பிறகு யாரோ வெட்டியவை. விளிம்புகூட நேராக இல்லை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு ராத்திரி வெச்சுப் பாருங்க. பிடிச்சா பேசிக்கலாம்," என்றார் கடைக்காரர். அவர் மனைவி உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளி இரவு வண்டியில் யாரும் படுக்க வேண்டாம் என்றேன். எதை அளந்தாலும் முதலில் வெறும் அளவு எடுப்பது எங்கள் வழக்கம். அதை ப்ளாங்க் என்போம். பொருள் இல்லாமல் கருவி மட்டும் என்ன காட்டுகிறது என்று தெரிந்தால்தான், பிறகு வருவது நிஜமா என்று தெரியும்.

"ஆளே இல்லாத வண்டிக்கு என்ன அளவு?" என்றார் அத்தான்.

"இவளை விடுங்க. இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் முதல்ல ப்ளாங்க்தான் எடுப்பா," என்றாள் அக்கா.

கருவியை வண்டிக்குள் வைத்தேன். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும். கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் படுத்தேன்.

காலையில் பார்த்தேன். இரவு 11.40 வரை பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. திறந்தவெளிக் காற்று அப்படித்தான் இருக்கும். 11.40க்கு ஏறத் தொடங்கி 650இல் நின்றது. 3.05க்கு இறங்கத் தொடங்கியது. நாலு மணிக்கு மறுபடி 420.

பூட்டிய வண்டி. உள்ளே யாரும் இல்லை.

சின்னப் படுக்கைப் பக்கத்து ஜன்னலில், உள்பக்கமாக, ஒரு கையளவு ஆவி படிந்திருந்தது.

கருவிக் கோளாறு என்று எழுதிக்கொண்டேன். கோளாறு என்றால் கழித்துவிட வேண்டியதுதான். அதுதானே ப்ளாங்க்? அக்காவிடம் சொல்லவில்லை. "காத்து நல்லா இருக்கு, படுக்கலாம்," என்றேன்.

சனி இரவு மூன்று பேரும் வண்டியில் படுத்தார்கள். குட்டி கால்மாட்டில். நான் வீட்டுக்குள், கையில் போனுடன். எண்கள் அதில் வந்துகொண்டிருந்தன. பத்தரைக்கு 1450. மூன்று பேர் மூச்சுக்கு அது சரி. அப்படியே நின்றது. ஒரு மூச்சு கூடினால் ஏறும். ஒரு மூச்சு குறைந்தால் இறங்கும். வேறு ரகசியம் இல்லை.

11.40. ஏறியது.

1680இல் போய் நின்றது. கூடியது 230. நேற்றும் அதே 230. பெரிய ஆளின் மூச்சு என்றால் இன்னும் கூடும். இது குழந்தை அளவு...

கோளாறு, கோளாறு என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

3.05. 1680.

3.10. 1600.

3.15. 1550.

இறங்குகிறது. உள்ளே ஒரு மூச்சு நின்றிருக்கிறது. சின்ன மூச்சு.

குட்டி.

செருப்புகூடப் போடவில்லை. ஓடினேன். கதவைத் தட்டினேன். டக்... டக்... டக். பதில் இல்லை. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன்.

அக்காவின் மூச்சு கேட்டது. அத்தானின் குறட்டை கேட்டது.

கால்மாட்டில் குட்டி விழித்திருந்தாள். படுக்கையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கை வைத்தேன். ஏறி இறங்கியது.

அவள் வாய்மேல் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாத சித்தி. இப்பதான் தூங்கினா."

அவள் பக்கத்தில் தலையணை அழுந்தியிருந்தது.

அவளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மற்ற இருவரையும் எழுப்பினேன். ஏன் என்று கேட்டார்கள். "காத்து சரியில்ல," என்றேன். போனில் எண் 1450ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரின் அளவு.

காலை எட்டு மணி. கடை. அத்தான் சாவியை நீட்டினார். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி ஆணியில் மாட்டினார்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. ஆனாலும் கேட்டேன். "அந்த வண்டியில முன்னாடி யார் இருந்தாங்க?"

அவர் ஆணியில் ஆடிக்கொண்டிருந்த சாவியைப் பிடித்து நிறுத்தினார்.

"நாங்கதான்மா. நாங்களும் எங்க பொண்ணும். ஆறு வயசு. அவளுக்கும் இளைப்பு. துளை எல்லாம் நான் அப்புறம் போட்டது."

"எங்களுக்கும் ஒரு குழந்தை இருக்கு. சொல்லியிருக்கலாம்ல சார்?" என்றார் அத்தான்.

"சொல்லியிருக்கணும். விக்கவும் மனசு வரல. வெச்சுக்கவும் முடியல." அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டு பேரும் பக்கத்துலதான் படுத்திருந்தோம். விடிஞ்சுதான் பார்த்தோம். எத்தனை மணிக்கு மூச்சு நின்னுச்சுன்னு எந்த டாக்டராலயும் சரியா சொல்ல முடியல. இவ அதை மட்டும்தான் கேட்டுட்டு இருக்கா. ரெண்டு வருஷமா..."

மேசைக்குப் பின்னால் இருந்த அவர் மனைவி எழுந்து வந்தார். என் எதிரில் நின்றார். என் முகத்தையே பார்த்தார்.

"மூணு அஞ்சு," என்றேன்.