சோயா சாஸும் கட்டிப் பெருங்காயமும்

இன்று முதன்முறையாக வீட்டில் ஸ்டிர் ஃப்ரை செய்தேன். கோஸ், கேரட், குடமிளகாய். பொரியலுக்குப் போடுகிற கைப்பழக்கத்தில் முதலிலேயே உப்பு போட்டேன். கடைசியில் சோயா சாஸ் மூன்று கரண்டி. வாயில் வைக்க முடியவில்லை.

மாடியில் குடியிருக்கும் ரீமா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அசாம் பெண். தமிழ் ஓசூர் வந்து கற்றது. அவளிடம் காட்டினேன்.

"சாஸ்லயே உப்பு இருக்குக்கா!"

உப்பில்லாமல் வேகவைத்த நூடுல்ஸைச் சேர்த்துக் கிளறி, சாப்பிடும்படி ஆக்கிக் கொடுத்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"விடுக்கா. போன மாசம் நானும் சாம்பார் வச்சேன். கட்டிப் பெருங்காயம் எவ்ளோ போடணும்னு தெரியல. டப்பால இருந்தது முழுசா போட்டுட்டேன். மூணு நாள் ரூம்ல படுக்க முடியல."

நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்தேன்.

அந்த மூன்று நாளும் ஹவுஸ் ஓனருக்கு போன் போட்டு, "மாடிப் பொண்ணு அவங்க ஊரு சாப்பாடு என்னமோ செய்யுதுங்க, நாத்தம் தாங்கல" என்று சொன்னது நான்தான்.

தினமும் சாம்பார் வைக்கிறவள் நான்.

முதலில் ஓனரிடம் சொல்வதா, ரீமாவிடமா? நீங்களே சொல்லுங்கள்.