சட்டைப் பையில் அப்பாவின் கை

"இனி வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னதும், காரின் பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்து அப்பாவைக் கிடத்தினேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றது அம்மாதான். சைரன் கேட்டாலே எங்கள் தெரு பந்தலுக்குச் சொல்லிவிடும். எங்கள் பக்கம், வெளியே பிரிந்த உயிர் என்றால் வாசலோடு சரி, உடலை உள்ளே ஏற்ற மாட்டார்கள். லாரி ஓட்டி ஓட்டியே ஊர் ஊராகப் படுத்துறங்கிய அப்பாவுக்கு இருந்தது ஒரே ஆசை: சாகிறதாவது சங்கரன்கோவிலில், தன் வீட்டுக்குள் சாக வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் போலீஸ் தடுப்பு. திருவிழா நேரம். ஒவ்வொரு வண்டியாக டிக்கியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் வேன், பின்னால் பஸ், பக்கத்தில் பள்ளம். நிறுத்திச் சோதிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் மனசுக்குள் நான் திட்டாத திட்டு இல்லை. பொறுக்கமாட்டாமல் ஹாரனை அழுத்தினேன். அதுதான் வினையாயிற்று.

"அவ்வளவு அவசரமோ? ஓரங்கட்டு" என்றார் ஏட்டு.

ஓரங்கட்டினேன். பின்னால் நின்ற பஸ்கூட எங்களைத் தாண்டிப் போனது.

"சார், அப்பாவுக்கு ரொம்ப முடியல."

"எல்லாவனும் இதத்தான் சொல்லுதான். பேப்பரை எடு."

மதுரையில் ஊசி குத்தியும் அசையாத அப்பாவின் வலது கை மெல்ல எழுந்தது. கண் திறக்கவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குள் நுழைந்து துழாவியது.

ஏட்டு குனிந்து பார்த்தார். "பெரியவரு என்ன தேடுதாரு?"

"லைசென்ஸ்" என்றாள் அம்மா. "லாரி டிரைவரு சார். பேப்பர்னு கேட்டா அவுக கை தானா போகும்."

ஏட்டு நிமிர்ந்தார். என்னிடம் எதுவும் வாங்கவில்லை. விசிலை ஊதித் தடுப்பை நகர்த்தச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கை பைக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"அம்மா..."

"ரோட்டைப் பாத்து ஓட்டுலே."

வாசலில் பெரியப்பா காத்திருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இருக்கா?" என்று கேட்டார். தெருவே எட்டிப் பார்த்தது.

அம்மா அப்பாவின் கையை மூடியிருந்த தன் கையை எடுத்தாள்.

"இருக்கு. லைசென்ஸ் தேடுதாக, பாருங்க. உள்ள தூக்குங்க."