சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் நான் திடீரென்று பக்திமான் ஆகிவிட்டேன்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாளே மாடவீதிக்குப் போய் மாவிலை வாங்கி வந்தேன். வாசல் நிலையில் நானே தோரணம் கட்டினேன். அலமாரிப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினேன். கடைசியாக, ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போல, "வத்சலா, இந்தத் தடவை கம்ப்யூட்டரையும் பூஜையில வெச்சுடலாமே?" என்றேன்.

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பூஜை என்றால் சுண்டலுக்கு மட்டும் ஆஜராகிறவன் நான்.

"ஏன்னா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. சரியில்லாமல் போனது கம்ப்யூட்டருக்கு. அதுவும் என் கைங்கரியத்தால்!

நடந்தது இதுதான். அன்று மதியம் நண்பர் ஒருவர் ஒரு சிடி கொடுத்தார். "இன்னும் விண்டோஸ் 95-லயே இருக்கீங்களா? எல்லாரும் 98-க்கு மாறியாச்சு சார்" என்றார். அவர் சொன்ன தொனியில், நான் மட்டும் மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருப்பதாக எனக்குப் பட்டுவிட்டது. வத்சலா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள் சிடியைப் போட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் 'யெஸ்' அமுக்கினேன். ஒரு மணி நேரம் சமர்த்தாக ஓடியது. பிறகு தன்னைத்தானே அணைத்து, ஏற்றி... ஒரு நீலத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஏதோ எண்கள். மறுபடி அணைத்தேன், ஏற்றினேன். மறுபடி நீலம்.

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஏன் நம்மால் சும்மா விட முடிவதில்லை?

அந்தக் கம்ப்யூட்டர் என் சொத்தாக இருந்தால் கவலை இல்லை. நான் இன்னும் பேனாவில் எழுதுகிறவன். அதற்குள் இருந்தது வத்சலாவின் எம்.ஃபில் ஆய்வேடு. நாற்பத்தாறு வயதில், ஸ்கூலில் கணக்கு எடுத்துவிட்டு வந்து, சமையல் முடித்து, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிய ஒரு வருட உழைப்பு. விஜயதசமியன்று பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். மறுநாள் சமர்ப்பிக்கக் கடைசி நாள். தவறினால் போச்சு. இன்னொரு வருடத்துக்கு அவளுக்குத் தெம்பு இருக்குமா என்று எனக்கே சந்தேகம்.

இப்போது புரிந்திருக்குமே, என் பக்தியின் ரகசியம்? பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. எனக்கு ஒரு முழு நாள் கிடைக்கும். சரஸ்வதி தேவியையே சாட்சிக்கு வைத்துக்கொண்டு பெண்டாட்டியை ஏமாற்றிய ஆசாமி மயிலாப்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாவம், அவள் சந்தோஷமாகப் பூஜை பண்ணினாள். மானிட்டருக்கு மல்லிகைச் சரம். சிபியூவுக்குப் பட்டுத் துணி. கீ-போர்டின் மேல் வரிசையில் ஒரு கட்டை விடாமல் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அப்படி உருகி நான் வேண்டிக்கொண்டது பரீட்சை எழுதிய காலத்தில்கூட இல்லை.

பூஜை முடிந்ததும், காபிப் பொடி வாங்கி வருவதாகப் பொய் சொல்லிவிட்டு தி. நகருக்கு ஆட்டோ பிடித்தேன். பாண்டி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் நமக்குத் தெரிந்த சர்வீஸ் கடை. வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஆட்டோ அதன்மேல் வழுக்கும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே கரீம் பாய் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடையின் மெக்கானிக். எங்கள் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுத்தவரே அவர்தான்.

"வாங்க சார். பொரி எடுத்துக்குங்க. இன்னா இவ்ளோ வேர்த்துக் கீது?"

சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீலமா வந்து நின்னுகினு கீதா? படம் காட்ற கார்டு ஒண்ணு உள்ள கீது சார். அத்தோட டிரைவரு பழசு. டிரைவருன்னா சின்ன புரோகிராம்தான், சிஸ்டம் சொல்றத கார்டுக்குப் புரிய வெக்கறது. நீங்க சிஸ்டத்த மாத்திட்டீங்க, அத்த மாத்தல. ரெண்டும் முட்டிக்கினு நிக்குது."

"பாய், அதுக்குள்ள இருக்கற ஃபைல்?"

"எங்கியும் போயிருக்காது சார்... இருக்கும்."

அந்த 'இருக்கும்' என்பதில் ஓர் இழுவை இருந்தது.

"இப்பவே வந்து பாருங்களேன். ஆட்டோ நிக்கறது."

அவர் மூலையைக் காட்டினார். சாமி படத்துக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர், சால்டரிங் அயர்ன், ஃப்ளாப்பி டப்பாக்கள்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"புது டிரைவரு அந்த டப்பாலதான் கீது. மொதலாளி நாளைக்கிக் காலைல எடுத்துக் குடுப்பாரு. அப்பால வரேன்."

"உங்களுக்கு என்ன பாய் இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஆறு வருசமா இந்தக் கடை சோறு சார். அவரு சாமிக்கு வெச்சத நான் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

வெட்கமாக இருந்தது. சாமியை வைத்துத் தில்லுமுல்லு செய்தவன் நான். அந்தச் சாமிக்கு மரியாதை கொடுத்தவர் அவர்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "கைதான் சார் சும்மா கீது. வாய் வேல செய்யும். எழுதிக்குங்க" என்றார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் கருப்புத் திரையில் எண் ஓடும். அது முடிகிற நொடியில் எஃப்-எட்டு கட்டையை அமுக்க வேண்டும். வருகிற பட்டியலில் 'சேஃப் மோட்'. "எல்லாம் பெரிசு பெரிசா, கண்றாவியா தெரியும். பயப்படாதீங்க. அதுல பழைய டிரைவர சிஸ்டம் தொடாது. மொதல்ல ஃபைல ஃப்ளாப்பில எடுத்துடுங்க."

நாலு மணிக்கு வத்சலா அக்கம்பக்கத்துக் கொலுவுக்குக் கிளம்பினாள். கதவு சாத்தியதும் தேவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பட்டுத் துணியை விலக்கினேன். சுவிட்ச். எண் ஓடியது. எஃப்-எட்டு...

கட்டை இறங்கவில்லை.

மறுபடி. இறங்கவில்லை. சந்தனம் இடுக்கில் வழிந்து, காய்ந்து, சிமென்ட் மாதிரி இறுகிவிட்டிருந்தது. பக்கத்து எஃப்-ஏழு ஜோராக இறங்குகிறது, எஃப்-ஒன்பதும் இறங்குகிறது. எனக்கு வேண்டிய ஒரே கட்டைதான் அசைவேனா என்கிறது! நகத்தால் சுரண்டினேன். தண்ணீர் விடலாமா? ஷாக் அடித்தால்? மூன்றாம் முறையாக நீலத் திரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வளையல் சத்தம்.

"தேங்காய்ப் பையை மறந்துட்டேன்னு வந்தேன்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். சிடி, நீலத் திரை, பொய் பக்தி, காபிப் பொடி எல்லாம். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நாலு அத்தியாயம் ஃப்ளாப்பியில வெச்சிண்டிருக்கேன். அஞ்சாவது இதுலதான் இருக்கு" என்றாள். "ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"பயமா இருந்தது."

"எனக்கு இப்போ இருக்கறதைவிடவா?"

பிறகு அவள் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். எஃப்-எட்டைச் சுற்றியிருந்த சந்தனத்தைத் துளித் துளியாக நெம்பி எடுத்தாள்.

"இன்னிக்குத் தொடலாமோ?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"படிக்கறதுக்காகத் தொட்டா சரஸ்வதி கோச்சுக்க மாட்டா. நீங்க சும்மா இருங்கோ."

சுவிட்ச். எண் ஓடியது. டக் என்று அமுக்கினாள். பட்டியல் வந்தது! சேஃப் மோட். கரீம் பாய் சொன்ன மாதிரியே எல்லாம் பூதாகாரமாக, சாயம் போய்த் தெரிந்தது. ஆய்வேட்டின் பெயர் மேல் அம்பைக் கொண்டுபோனபோது நான் மூச்சு விடவில்லை. அவளும்தான்.

திறந்தது.

முதல் பக்கமே நன்றியுரை. அந்தப் பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமலே கடைசி வரி எனக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: 'கடந்த ஓராண்டாக இந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்த என் கணவருக்கு நன்றி.'

"அதைப் படிக்காதேங்கோ" என்று அவசரமாகப் பக்கத்தைத் தள்ளினாள். ஐந்தாம் அத்தியாயம், அட்டவணைகள், கடைசிப் பக்கம்... எல்லாம் இருந்தன. அதன்பிறகுதான் அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஃப்ளாப்பி கரகரவென்று அதை எழுதிக்கொண்ட சத்தம் இருக்கிறதே, எந்தக் கச்சேரியையும் நான் அத்தனை ரசித்துக் கேட்டதில்லை.

விஜயதசமி காலை, முதலாளி எடுத்துக் கொடுத்த டப்பாவோடு கரீம் பாய் வந்தார். பழைய டிரைவரைத் தூக்கினார், புதியதைப் போட்டார். அரை மணியில் திரை பளிச்சென்று ஆனது. "இனிமே சாருக்கு சிடி எதுவும் குடுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் பைண்டிங் ஆகி வந்த ஆய்வேட்டை நைசாகப் புரட்டினேன். நன்றியுரையில் அந்தக் கடைசி வரி அப்படியே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு சின்ன அடைப்புக்குறி மட்டும் சேர்த்திருந்தாள்.

(கடைசி வாரம் நீங்கலாக.)